சுடுகிற ஹெட்டா, சுடாத ஹெட்டா?

பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு போட்டோ கடை. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க மணமக்கள் படம் போட்ட அறுபது கோப்பைகளுக்கு ஆர்டர். பிரிண்டரிலிருந்து நழுவி வந்த முதல் தாளைப் பார்த்ததும் மணமகனின் மாமா முகம் சுளிக்கிறார். பட்டுப் புடவையின் அரக்கு, மழையில் நனைந்து காய்ந்த செங்கல் நிறத்தில் கிடக்கிறது. கறுப்பு என்று இருக்கவேண்டியது சாம்பலுக்கும் பழுப்புக்கும் நடுவில் எதுவோ. பெயர்கள் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

"என்ன தம்பி, கலரே ஏறலையே?"

கடைக்காரர் பதில் சொல்வதில்லை. தாளை வெட்டி வெள்ளைக் கோப்பையைச் சுற்றி இறுக்கி, ஓரங்களில் ஹீட் டேப் ஒட்டி, மக் பிரஸ்ஸின் வளையத்துக்குள் நுழைத்துப் பிடியை அழுத்துகிறார். மூன்று நிமிடம் போல ஆகிறது. பீப் அடித்ததும் கையுறையோடு வெளியே எடுத்து, டேப்பைக் கிழித்துத் தாளை உரிக்கிறார். கோப்பையில் அரக்கு அரக்காகவே மின்னுகிறது, பெயர் நேராக இருக்கிறது. உரித்த தாளில் மிஞ்சியது வெளிறிய நிழல் மட்டும்.

அந்தக் கடையில் ஓடுவது பெரிய அச்சகத்து இயந்திரம் அல்ல. பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட் அச்சடிக்க வாங்கும் அதே சாதாரண இங்க் டேங்க் பிரிண்டர். வேறுபாடு உள்ளே ஊற்றியிருக்கும் மையில்தான். இதைக் கேள்விப்பட்ட பலர், எந்தப் பிரிண்டரிலும் இந்த மையை ஊற்றலாம் என்று எண்ணிக்கொண்டு, ஆஃபரில் எது மலிவோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சில வாரங்களில் அது மூலையில் தூசி படிந்து நிற்கும். மலிவாக வாங்கியது தப்பில்லை. எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கற்பூரம் செய்கிற வேலை

தட்டில் வைத்த கற்பூரக் கட்டி, கொளுத்தாமலே நாளாக நாளாகக் கரைந்து சிறுத்துப்போகும். தட்டில் ஈரம் இருக்காது. பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான் காணாமல் போகிறது. திடப்பொருள் நீர்மமாகாமல் நேராக ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்று பள்ளிப் புத்தகத்தில் பெயர். கடைக்காரர்கள் அதையே சப்ளிமேஷன் என்கிறார்கள்.

பாலியஸ்டர் துணிக்கு நிறமேற்றும் டிஸ்பர்ஸ் சாயங்களில் சிலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அவை ஆவியாகின்றன. அதே சூட்டில் பாலியஸ்டர் இழைகள் இளகி இடம் விடுகின்றன. சாயத்தின் ஆவி உள்ளே புகுந்துகொள்கிறது. துணி ஆறியதும் இழை மூடிக்கொள்ள, நிறம் உள்ளேயே சிறைப்படுகிறது. அதனால்தான் சப்ளிமேஷன் ஜெர்சியைத் தடவினால் அச்சடித்த இடம் கைக்குத் தட்டுப்படுவதில்லை. துவைத்தாலும் உரிந்து வருவதில்லை. நிறம் துணியின் மேல் உட்காராமல் துணியாகவே ஆகிவிடுகிறது.

பிரான்சின் வடக்கே ரூபே நகரில், லேனியேர் து ரூபே என்ற நூல் நிறுவனத்தில் இருந்த நோயல் து பிளாஸ் 1957இல் இந்தச் சாயங்களின் ஆவியாகும் குணத்தைத் துணி அச்சுக்குப் பயன்படுத்த வழி கண்டார். அப்போது தாளில் படத்தைப் பதிக்க உருளையும் அச்சு இயந்திரமும் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கான மீட்டர் அடித்தால்தான் கட்டுப்படியாகும். ஒரே ஒரு கோப்பைக்கு ஒரே ஒரு படம் என்ற தொழில் பிறந்தது, அந்தத் தாளை மேசை மேல் வைக்கும் இங்க்ஜெட் பிரிண்டரிலேயே அடிக்க முடிந்த பிறகுதான்.

பாலியஸ்டரை விரும்பும் இந்தச் சாயத்துக்குப் பருத்தி ஆகாது. பருத்திப் பனியனில் அழுத்தினால் முதலில் பளிச்சென்று தெரிந்து, ஒன்றிரண்டு சலவையில் வெளுத்துவிடும். பனியனுக்குப் பேர்போன திருப்பூரிலேயே சப்ளிமேஷன் ஜெர்சிக்குப் பாலியஸ்டர் துணியைத்தான் தேடி எடுக்கவேண்டும். பாதி பருத்தி கலந்தால் படமும் பாதிதான் பிடிக்கும். பாத்திரக் கடையில் வாங்கிய பீங்கான் கோப்பையிலும் இது ஏறாது. மேலே பாலிமர் பூச்சு போட்ட, சப்ளிமேஷனுக்கென்றே வரும் கோப்பை வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்த மையில் வெள்ளை கிடையாது, அடித்தளம்தான் வெள்ளை. சாயம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் என்பதால் மஞ்சள் துணியில் நீலம் அடித்தால் பச்சையாகும், கறுப்புத் துணியில் எதை அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிரிண்டர் வாங்கக் கிளம்பும் முன் எதன் மேல் அடிக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான். வெள்ளைக் கோப்பை, வெளிர் நிற ஜெர்சி, ஐடி கார்டுப் பட்டை, மவுஸ் பேட், சாவிக்கொத்து ஆகியவற்றுக்குச் சப்ளிமேஷன் போதும். பருத்தியும் கறுப்புத் துணியும் என்றால் வழியே வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஔவையின் நாவல் மரத்தடியில்

நாவல் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மாட்டுக்காரச் சிறுவன், கீழே நின்ற ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டான். பழத்தில் சுட்டது ஏது என்று பாட்டி திகைத்துப்போனாள். பிரிண்டர் வாங்கப் போகிறவருக்கும் இதே கேள்விதான் முதல் கேள்வி. அதைக் கவுன்டரில் இருப்பவர் கேட்கமாட்டார், வாங்குகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சுடுகிற ஹெட்டா, சுடாத ஹெட்டா?

பிரிண்டர் ஹெட் என்பது தலைமயிரைவிட மெல்லிய துளைகள் வரிசை வரிசையாக உள்ள ஒரு சிறு தகடு. அந்தத் துளைகள் வழியாக மை சொட்டுச் சொட்டாகத் தாளில் பாய்கிறது. மையை வெளியே தள்ளுவது எப்படி என்பதில் உலகத்து இங்க்ஜெட் பிரிண்டர்கள் பெரும்பாலும் இரண்டு சாதி.

முதல் சாதி பிறந்த கதை விபத்தில் தொடங்குகிறது. 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசி ஒன்றின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. சூட்டில் குமிழி உண்டாகி மையைத் தள்ளியிருக்கிறது. அதிலிருந்து பிறந்தது கேனனின் பபிள் ஜெட். அதே காலத்தில் அமெரிக்காவில் எச்பி நிறுவனமும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்து, 1984இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த வகையில் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய ஹீட்டர் இருக்கும். கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது சுமார் 300 டிகிரிக்குச் சூடாகி, குமிழியை எழுப்பி, ஒரு சொட்டைத் துப்பும்.

கடிதமும் கல்லூரி அசைன்மென்ட்டும் அடிக்க இது அருமையான ஏற்பாடு. சப்ளிமேஷன் மைக்கு இது ஆகாது. சூடு பட்டால் ஆவியாகவேண்டும் என்பதற்காகவே தயாரித்த சாயத் துகள்கள் நீரில் மிதக்கும் மை அது. அதைக் கொண்டுபோய் ஹீட்டருக்கு மேல் நிறுத்தினால், அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி ஹீட்டரின் மேல் படிவு சேரும். துளைகள் ஒவ்வொன்றாக அடைபட, வண்ணம் கோடு கோடாக விட்டுப்போகும்.

இரண்டாவது சாதியில் சூடே கிடையாது. சமையலறை கேஸ் லைட்டரைச் சொடுக்கினால் பொறி பறக்கிறதே, அதற்குள் இருக்கும் படிகத்தின் உறவுக்காரன்தான் இந்த ஹெட்டில் வேலை செய்கிறான். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் ஜாக்கும் பியேரும் கண்டார்கள். அதன் பெயர் பீசோ விளைவு. இதைத் திருப்பிப் போட்டாலும் நடக்கும், மின்சாரம் கொடுத்தால் படிகம் வளையும். அந்த வளைவு மையை அழுத்தித் தள்ள, சொட்டு விழுகிறது. மை சூடாவதே இல்லை. எப்சன் தன் மைக்ரோ பீசோ ஹெட்டை 1993இல் கொண்டுவந்தது. பிரதர் நிறுவனத்தின் இங்க்ஜெட் பிரிண்டர்களிலும் பீசோதான்.

ஆகவே கடையில் வரிசையாக நிற்கும் இங்க் டேங்க் பிரிண்டர்களில் கேனன் ஜி வரிசையும் எச்பி ஸ்மார்ட் டேங்க்கும் சுடுகிற கட்சி. எப்சன் எல் வரிசையும் பிரதரும் சுடாத கட்சி. தரத்தில் யார் உயர்த்தி என்ற பேச்சு இங்கே இல்லை. வீட்டுக் காகித வேலைக்கு எதுவும் எதற்கும் சளைத்ததல்ல. கோப்பைக்கும் ஜெர்சிக்கும் மட்டும் சுடாததுதான் வேண்டும். விலையில் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று சுடுகிற ஹெட்டை வாங்கினால், விழுந்த பழத்தின் மண்ணை ஊதி, பழம் சுடுகிறதா என்று சிறுவனிடம் கேலி கேட்ட பாட்டியின் நிலைதான்.

டேங்க் வந்த வழி

பிரிண்டரை மலிவாகக் கொடுத்து, கார்ட்ரிட்ஜில் காசு பார்ப்பதுதான் நெடுங்கால வியாபாரம். விரலளவு கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் கால்வாசி பிரிண்டர் விலை. இதைச் சகிக்காத கடைக்காரர்கள், பிரிண்டரின் பக்கவாட்டில் மை பாட்டில்களை ஒட்டி, மெல்லிய டியூபைக் கார்ட்ரிட்ஜுக்குள் சொருகினார்கள். தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் இந்த ஒட்டு வேலை செழித்தது. அடக்க முடியாததை எப்சன் தானே செய்ய முன்வந்தது. 2010இல் இந்தோனேசியாவில், நிறுவனமே டேங்க் பொருத்திய பிரிண்டர்களை விற்கத் தொடங்கியது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன.

சப்ளிமேஷன் தொழிலுக்கு இது புதையல் கிடைத்த கதை. பீசோ ஹெட், திறந்து ஊற்றும் டேங்க், பாட்டில் பாட்டிலாக விற்கும் சப்ளிமேஷன் மை மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன. எப்சன் எல் 130 பல ஆண்டுகள் இந்தத் தொழிலின் அம்பாசடர் காராக ஓடியது. ஏ4 அளவு, நான்கு வண்ணம், ஸ்கேனர் இல்லை, வைஃபை இல்லை. மையை ஊற்றினால் தாள் வரும், அவ்வளவுதான். இன்று அந்த இடத்தில் எல் 1210, எல் 3210 போன்ற மாடல்கள் இருக்கின்றன. இந்த வகை நான்கு வண்ண ஏ4 மெஷின் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது.

எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

சாதி முடிவான பிறகு அளவு. சராசரிக் கோப்பைக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டை போதும். ஏ4 தாளில் அப்படி மூன்று பட்டைகள் அடங்கும். கோப்பை, சாவிக்கொத்து, போட்டோ கல் என்று தொடங்குகிறவருக்கு ஏ4க்கு மேல் தேவையில்லை. கபடிக் குழுவின் ஜெர்சி முதுகில் பெயரும் எண்ணும் பெரிதாக வேண்டும் என்றால்தான் ஏ3. அந்த அளவு மெஷின்களின் விலை ஏ4 மாடலைப்போல இரண்டு மூன்று மடங்கில் ஆரம்பிக்கும். ஜெர்சி ஆர்டர் எப்போதாவதுதான் வரும் என்றால் அந்தத் தாளை மட்டும் வெளியே அடித்து வாங்கி, சொந்த ஹீட் பிரஸ்ஸில் அழுத்திக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வண்ணம் நான்கா, ஆறா? ஆறு வண்ண மெஷினில் வழக்கமான நான்கோடு வெளிர் நீலமும் வெளிர் சிவப்பும் கூடுதலாக இருக்கும். மணமகளின் கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தில் புள்ளி தெரியாமல் வழுவழுப்பாக வர அது உதவும். எல் 805, அதற்குப் பின் வந்த எல் 8050, ஏ3 அளவில் எல் 1800, பின் எல் 18050 எல்லாம் இந்த வகை. முகங்களே முக்கியமான போட்டோ வேலைக்கு அது பொருந்தும். கட்சிக் கொடி, கல்லூரி லோகோ, எழுத்து என்றால் நான்கு வண்ணம் தாராளம். ஆறு என்றால் ஆறு பாட்டில், அடைபட ஆறு வரிசைத் துளைகள் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

தாள் போகிற பாதையை யாரும் கவனிப்பதில்லை. பின்பக்கத்தில் தாளை நிறுத்தி வைக்கும் மெஷினில் தாள் ஏறக்குறைய நேராக இறங்கும். அடியில் தட்டு வைத்து, தாளை உள்ளே வளைத்துத் திருப்பும் மெஷினில் கனமான டிரான்ஸ்பர் தாள் சிக்கும், உருளைத் தடமும் விழும். பின்பக்கத் தாள் வழியே இந்த வேலைக்கு நல்லது.

ஸ்கேனர், தானாக இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி, தொடுதிரை இதற்கெல்லாம் கொடுக்கிற காசு கோப்பையில் தெரியாது. வேகமும் பெரிய விஷயமில்லை. மக் பிரஸ் ஒரு கோப்பைக்கு மூன்று நிமிடம் எடுக்கும்போது பிரிண்டர் பத்து நொடி முந்துவதால் லாபம் ஒன்றுமில்லை. ஊரில் அந்த மாடலின் ஹெட்டும் உதிரிபாகமும் கிடைக்கிறதா, அதைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரிப்பதில் பலன் அதிகம்.

மையை மாற்றி ஊற்றுகிற வேலையே வேண்டாம் என்பவர்களுக்குச் சப்ளிமேஷனுக்கென்றே தயாரித்த மெஷின்கள் உண்டு. எப்சனின் ஷ்யூர்கலர் எஃப் வரிசையில் ஏ4 அளவு மெஷின் வருகிறது. அமெரிக்காவின் சாகிராஸ் நிறுவனம் எஸ்ஜி 500 என்ற சிறிய மெஷினை விற்கிறது. வாரண்டி இருக்கும், வண்ணமும் முதல் நாளே சரியாக வரும். ஆனால் மெஷினுக்கும் மைக்கும் கொடுக்கவேண்டிய விலை வேறு. ஆர்டர் நிலைத்த பிறகு யோசிக்கவேண்டிய பொருள் அது.

பழைய மெஷின் வாங்கலாமா? பேச்சை நம்பாமல், கண்ணெதிரே ஒரு நாசில் செக் தாள் எடுத்துப் பார்க்கவேண்டும். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் நான்கு நிறத்திலும் வரும். ஒரு படி விட்டுப்போயிருந்தால் ஒரு துளை அடைபட்டிருக்கிறது. இரண்டு முறை ஹெட் கிளீனிங் கொடுத்தும் அதே படி காணவில்லை என்றால், கை குலுக்கிவிட்டுக் கிளம்புவது நல்லது. சப்ளிமேஷன் மை போட்டு மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷின் என்றால், விலை எவ்வளவு குறைவானாலும் அது காயலான் கடைச் சரக்கு.

முதல் சொட்டு

புதுப் பிரிண்டரோடு பெட்டிக்குள் நிறுவனத்தின் மை பாட்டில்கள் வரும். ஆசையாக அதைத்தான் முதலில் ஊற்றத் தோன்றும். கூடாது. முதன்முதலில் இயக்கும்போது மெஷின் டேங்க்கிலிருந்து ஹெட் வரை டியூப் முழுவதையும் மையால் நிரப்பிக்கொள்ளும். அந்த முதல் மையே சப்ளிமேஷனாக இருந்தால் வேலை சுத்தம். வழக்கமான மையை நிரப்பிவிட்டுப் பிறகு மாற்றினால், டியூபில் தங்கிய பழைய மை கலந்து, பல தாள்கள் வீணான பிறகுதான் வண்ணம் தெளியும்.

இது ஒருவழிப் பாதை என்பதும் தெரிந்திருக்கவேண்டும். வேறு மை ஊற்றியதும் நிறுவனத்தின் வாரண்டியை மறந்துவிடவேண்டியதுதான். அதே மெஷினில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுப்பதும் கூடாது. வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பவர்களுக்குத் தலைவலி குறைவு.

மை வாங்கும்போது அதற்குரிய ஐசிசி ப்ரொஃபைல் தருகிறார்களா என்று கேட்கவேண்டும். இந்த மை, இந்தத் தாள், இந்தச் சூடு என்றால் சிவப்பு எந்தச் சிவப்பாக மாறும் என்பதைக் கணினிக்குச் சொல்லும் சிறு கோப்பு அது. அது இல்லாமல் அடித்தால் கறுப்பு பச்சையடிக்கும், குங்குமச் சிவப்பு ஆரஞ்சாகும். இரண்டு நிறுவனத்து மையை ஒரே டேங்க்கில் கலப்பதும் அதே வம்பில் முடியும்.

பருத்திக்காரர்களின் வழி

பருத்திப் பனியன்தான் வேண்டும் என்பவருக்கு டிரான்ஸ்பர் பேப்பர். தாளின் மேல் ஒரு மெல்லிய பாலிமர் படலம் இருக்கும். படத்தை அதில் அடித்து அழுத்தினால் படலமே துணிக்கு இடம் மாறும். சாதாரண டை மை நீரில் கரையும் என்பதால் சலவையில் கசியும். நீரில் கரையாத துகள்களால் ஆன பிக்மென்ட் மை இங்கே நிற்கும். அதனால் பெட்டியில் ‘பிக்மென்ட்’ என்ற சொல்லைத் தேடவேண்டும், நான்கு வண்ணத்துக்கும். சில மெஷின்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. இப்படி வந்த படலம் கைக்குத் தட்டுப்படும், பல சலவைக்குப் பிறகு விரிசல் விடும்.

கறுப்புத் துணிக்கு இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் டிடிஎஃப். ஃபிலிமில் வண்ணம் அடித்து, அதன் மேல் வெள்ளை அடித்து, ஈரம் காயும் முன் பசைப் பவுடர் தூவி, உருக்கித் துணியில் அழுத்துவது. பருத்தி, பாலியஸ்டர், கறுப்பு, வெள்ளை எதையும் அது விடாது. எல் 1800 போன்ற மெஷின்களை இதற்கு மாற்றி விற்கிறார்கள். சிக்கல் வெள்ளை மையில். அதன் நிறம் டைட்டானியம் டைஆக்சைடு. கனமான துகள் என்பதால் கோலமாவு கரைத்த நீர் மாதிரி சும்மா விட்டால் அடியில் படியும். தினமும் குலுக்கி, ஓட்டி, சுத்தம் செய்யாவிட்டால் ஹெட் போச்சு. முதல் மெஷினாக இதை வாங்கிய பலர் அச்சடித்த நேரத்தைவிட ஹெட் கழுவிய நேரம் அதிகம் என்று புலம்புகிறார்கள். டிடிஎஃப் ஃபிலிமை மீட்டர் கணக்கில் அடித்துத் தரும் ஜாப் ஒர்க் கடைகள் இருக்கின்றன. ஹீட் பிரஸ் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு ஃபிலிமை அங்கே வாங்குவது சின்ன முதலுக்குப் பாதுகாப்பான வழி.

அறுபது கோப்பையின் கணக்கு

மாமாவின் ஆர்டருக்கே திரும்பலாம். அறுபது கோப்பை, தாளுக்கு மூன்று, ஆக இருபது தாள். நிறைய வண்ணம் உள்ள ஏ4 பக்கத்துக்கும் மை ஏறக்குறைய ஒரு மில்லிதான் போகும். மொத்தம் இருபது மில்லி. 100 மில்லி பாட்டில் நான்கு வாங்கியிருந்தால் அதில் இருபதில் ஒரு பங்கு. இந்த ஆர்டரின் செலவில் கோப்பையே பெரிய பங்கு, மையும் தாளும் சில்லறை. வீணாகும் ஒவ்வொரு கோப்பையும் பல தாள் மையின் விலையைத் தின்றுவிடும்.

எனவே பிரிண்டரில் மிச்சம் பிடித்த பணம் நல்ல ஹீட் பிரஸ்ஸுக்குப் போவது புத்திசாலித்தனம். சூடு தகடு முழுவதும் ஒரே சீராகப் பரவாத பிரஸ்ஸில் ஒரு மூலை கருகி மறு மூலை வெளிறும். 38 சென்டிமீட்டர் சதுரத் தகடுள்ள பிரஸ் 1800 வாட் வரை இழுக்கும். டிவிக்குப் போட்ட 5 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகக்கூடாது, ஏசிக்குப் போடுகிற மாதிரி 15 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். துணிக்கு 190 முதல் 200 டிகிரியில் முக்கால் நிமிடம் அல்லது ஒரு நிமிடம், கோப்பைக்கு 180ஐ ஒட்டிய சூட்டில் மூன்று நிமிடம் என்பது பொதுவான அளவு. கோப்பையும் தாளும் விற்பவர் சொல்லும் அளவை வைத்து இரண்டு மூன்று கோப்பையைப் பலி கொடுத்துத்தான் சொந்த அளவைக் கண்டுபிடிக்கவேண்டும்.

கடலோர ஊர்களில் ஈரம் ஒரு எதிரி. தாளும் துணியும் ஈரத்தை உறிஞ்சிவைத்திருந்தால் அழுத்தும்போது நீராவி எழுந்து படத்தின் ஓரம் கலங்கும். தாளைப் பாலித்தீன் உறைக்குள் மூடி வைப்பதும், துணியைப் படமில்லாமல் ஐந்து நொடி வெறுமனே அழுத்திக்கொள்வதும் கைகண்ட மருந்து. வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்தப் புகை மூக்குக்கு நல்லதல்ல.

பிரிண்டரை நிறுத்துவதிலும் முறை இருக்கிறது. கடை மூடும் அவசரத்தில் சுவர் ஸ்விட்சைத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும், இரவெல்லாம் மை காயும். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் தன் மூலைக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். ஆர்டர் இல்லாத நாளிலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நான்கு வண்ணமும் உள்ள ஒரு சின்னப் படத்தை அடித்துவிடவேண்டும். பொங்கலுக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து கோடு விழுகிறதே என்று மெக்கானிக்கைத் தேடுவது ஆண்டுதோறும் நடக்கிற கூத்து.

ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு பஞ்சு மெத்தையில் கழிவு மை சேரும். மெஷின் அதை எண்ணிக்கொண்டே வந்து, ஒரு நாள் ‘சர்வீஸ் தேவை’ என்று விளக்கு மினுக்கி நின்றுவிடும். மெஷின் செத்துவிட்டதாக நினைத்துப் பாதி விலைக்கு விற்றவர்களும் உண்டு. பஞ்சை மாற்றி, எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கினால் மீண்டும் ஓடும். பஞ்சை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு நாள் மேசையெல்லாம் மை வழியும்.

இவ்வளவையும் ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. கோப்பை அச்சடிக்கும் கடைக்குப் போகிறவர்கள் டீ வரும் நேரம் வரை காத்திருக்கலாம். கடைக்காரரும் உதவியாளரும் எதில் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்று கவனித்தால் போதும். ஒன்றில் மிரர் போட மறந்து இடவலம் மாறிப்போன பெயர். ஒன்றில் டேப் நழுவி இரண்டு மூக்கோடு நிற்கும் மாப்பிள்ளை. இன்னொன்றில் சூடு மிஞ்சிப் பழுப்பேறிய முருகன். நாலாவதில் நீலத் துளை அடைபட்ட நாளில் அடித்த, இளஞ்சிவப்பாய்ப் போன வானம். "அது நாங்க மெஷின் வாங்கின முதல் மாசத்துல அடிச்சதுண்ணே" என்றபடி உதவியாளர் அந்தக் கோப்பையைக் கழுவப் போகிறார். எத்தனை முறை கழுவியும் அந்த இளஞ்சிவப்பு போகவில்லை.